சித்தப்பாவிடம் ஞாயம் கேட்டது

ஹோம்லீஃப் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் யாரையும் வேலையை விட்டு நீக்குவது கிடையாது. அது அங்கே கொள்கை. வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில், கழனிகளுக்கு நடுவே கண்ணாடியால் எழுப்பியிருக்கிற அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே ‘இது அலுவலகம் அல்ல, இல்லம்’ என்று பொன்னிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லத்திலிருந்து பிள்ளையை எப்படி நீக்குவது? முடியாது. ஆகவே அங்கே பிள்ளைகள் பறப்பார்கள். பறப்பதற்குச் சிறகு விழா என்று பெயர். கேக் உண்டு.

தேவசகாயத்தின் மகள் சிம்ரன் ஒரு செவ்வாய்க்கிழமை பறந்தாள்.

செய்தி அவள் வாயால் வீட்டுக்கு வரவில்லை. பெற்றோர்களுக்கென்று நிறுவனம் நடத்துகிற வாட்ஸப் குழுவில் வீடியோவாக வந்தது. சிம்ரன் நடுவில் நிற்கிறாள். இரண்டு தோளிலும் தெர்மகோல் சிறகு கட்டியிருக்கிறது. சுற்றி நின்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். யாரோ மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்க, அவள் ‘நானாகவே பறக்கிறேன், நன்றி ஹோம்லீஃப்’ என்று சொல்லிக் கேக்கை வெட்டுகிறாள். கீழே ‘உங்கள் செல்லம் அடுத்த உயரத்துக்கு!’ என்று எழுதி, பக்கத்தில் பூங்கொத்தும் ராக்கெட்டும் போட்டிருந்தார்கள்.

அடுத்த உயரம் என்றால் பெற்றவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? பதவி உயர்வு என்றுதான். சிம்ரனின் அம்மா மரியம்மாள் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு குண்டான் கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தாள். தேவசகாயம் காஞ்சிபுரம் ஓரிக்கையில் பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார். கடை ஆட்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். பாஸ்டருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்சா, “டீம் லீடர் ஆயிட்டாளாக்கா?” என்று கேட்டதற்கு மரியம்மாள், “அதுக்கும் மேலடி” என்றாள்.

சாயங்காலம் சிம்ரன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று சிறகுகளைக் கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். வாசலிலேயே மறித்து மரியம்மாள் அவள் வாயில் ஒரு ஸ்பூன் கேசரியை ஊட்டினாள். சிம்ரன் அதை மென்று விழுங்கினாள்.

“வேலை போச்சும்மா” என்றாள்.

கொடுத்த கேசரியைத் திருப்பி வாங்க முடியாது. தெரு முழுக்க மறுநாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஆற அமர உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போனது. தேவசகாயத்துக்கு அந்த அவமானத்தில் பல் கூசியது. ஆனாலும் அதையாவது மறந்துவிடலாம். மகளின் நிலைமையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

அமெரிக்காவில் பல் வலி வந்தவர்களின் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது சிம்ரனின் வேலை. யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்கியதைப் பற்றி வீட்டில் கை கால் ஆட்டிக் கதை சொல்லிச் சிரிக்கவைப்பாள். இப்போது அறைக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. கடைசியில் ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள்.

“நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தரும் சொல்லலப்பா. தப்பு பண்ணலன்னா என்ன ஏன் அனுப்பணும்? பக்கத்து சீட்டு ஏஞ்சல் இருக்கிறா. பின்னாடி சீட்டு விக்ரம் இருக்கிறான். என்கிட்டதான் ஏதோ குறை இருக்குது. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல.”

“உன்கிட்ட இன்னாமா குறை?”

“நீ அப்பா. நீ அப்படித்தான் சொல்லுவ.”

வேலை போனால் இன்னொரு வேலை வரும். இவள் தன்னைத் தானே உதவாதவள் என்று முடிவு கட்டிவிட்டால் அதை எந்த இண்டர்வியூவில் போய்ச் சரிசெய்வது? அன்று ராத்திரி தேவசகாயம் சாப்பிடவில்லை. குறை இருந்தால் இன்னது என்று சொல்லட்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும், அந்த ஒரு வார்த்தையை வாங்காமல் விடப்போவதில்லை என்று முடிவு செய்தார்.

ஹோம்லீஃபின் உறவுமுறைகளை இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே சார், மேடம் என்று கூப்பிடக் கூடாது. முதலாளியைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். டீம் லீடர்கள் அண்ணன், அக்கா. ஆறுதல் சொல்வதற்கென்றே வேலைக்கு வைத்திருக்கிற துர்காவை அத்தை என்று கூப்பிட வேண்டும். அவள் சிம்ரனோடு பள்ளிக்கூடத்தில் படித்திருக்கக் கூடிய வயசு. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி முனுசாமி காவல் தாத்தா. மனிதவளத் துறையைக் குடும்ப மகிழ்ச்சித் துறை என்று பெயர் மாற்றி, அதன் தலைவர் சந்தோஷ்குமாரைச் சித்தப்பாவாக நியமித்திருந்தார்கள். நியமன உத்தரவிலேயே அப்படித்தான் இருந்தது என்று கேள்வி.

மற்றவர்கள் இதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார்கள். தேவசகாயம் நிஜமாக எடுத்துக்கொண்டார். அவருடைய தாத்தா அடுத்தவர் கழனியில் கூலிக்கு உழைத்துச் செத்தவர். இவர் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு, அந்தப் பந்தலின் ஓரத்தில் நின்றே பழகியவர். அப்படிப்பட்டவரைப் போன வருஷம் மேடையில் உட்காரவைத்து, ‘சிறந்த குடும்பம்’ என்று ஷீல்டு கொடுத்து, “நீங்க உங்க பொண்ண எங்களுக்குக் கொடுத்திருக்கீங்க, இனிமே நாம சொந்தம்” என்று மைக்கில் சொன்னது ஹோம்லீஃப்தான். “சித்தப்பான்னா எனக்குத் தம்பி முறையாச்சே” என்றார் தேவசகாயம். “ஆமாண்ணே!” என்று சந்தோஷ்குமார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சபை கைதட்டியது.

சொந்தம் என்று வந்துவிட்டால் அதற்கு வழக்கம் இருக்கிறது. கொடுத்த இடத்திலிருந்து பெண் திரும்பி வந்துவிட்டால் பெற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஞாயம் கேட்பார்கள். என் பெண்ணிடம் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டால் அந்த வீட்டார் சபையில் பதில் சொல்லியாக வேண்டும். சொல்கிற வரைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, கை நனைப்பதில்லை. காஞ்சிபுரத்தில் எந்தச் சாதி, எந்த மதமானாலும் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போனில் கேட்டுப் பார்த்தார். “குடும்ப மகிழ்ச்சித் துறைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்” என்றது ஒரு பெண் குரல். “நீங்கள் மகிழ்ச்சியாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். விரைவில் மகிழ்ச்சியாகப் போகிறீர்கள் என்றால் இரண்டை அழுத்தவும்.” மூன்று கிடையாது. தேவசகாயம் யோசித்து இரண்டை அழுத்தினார். புல்லாங்குழல் வாசித்தார்கள். வெகுநேரம் வாசித்த பிறகு, “உங்கள் மகிழ்ச்சி பதிவு செய்யப்பட்டது” என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஆகவே நேரில் போனார்கள். காவல் தாத்தா முனுசாமி தேவசகாயத்தைவிடச் சின்னவர். கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“யார பாக்கணும்?”

“சித்தப்பாவ.”

“அப்பாயின்ட்மென்ட் இருக்குதா?”

“சொந்தக்காரங்களுக்கு இன்னாத்துக்குபா அப்பாயின்ட்மென்ட்? நீ இந்த வூட்டுத் தாத்தா, உனக்குத் தெரியாதா?”

“நான் ஏஜென்சி ஆளுங்க” என்றார் முனுசாமி. “தாத்தா தாத்தான்னுதான் கூப்புடுவாங்க. உள்ள கக்கூஸுக்கு உட மாட்டாங்க. ரோட்டாண்டதான் போய்க்கினு இருக்கிறேன்.”

ஒருவழியாக உள்ளே விட்டார்கள். கழுத்தில் ‘உறவினர் – மாலை வரை மட்டும்’ என்று அட்டை மாட்டி, ‘தாய்மடி’ என்று பெயர் போட்ட அறையில் உட்காரவைத்தார்கள். ஏசி குளிரில் மரியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சந்தோஷ்குமார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, அண்ணி, வாங்க வாங்க! முதல்ல கங்கிராட்ஸ்!”

“இன்னாத்துக்கு தம்பி?”

“சிம்ரன் பறந்ததுக்கு.”

“அவ எங்க பறந்தா? ரூம்ல கவுந்து படுத்துக்கினு இருக்கிறா.”

“அது டேக்-ஆஃப் ஸ்டேஜ்ணே. எல்லாப் பறவையும் பறக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் படுக்கும். காபி சாப்பிடுங்க.”

“வேணாம்” என்றாள் மரியம்மாள்.

“கிரீன் டீ?”

“எதுவும் வேணாம். கை நனைக்கறதா இல்ல.”

சந்தோஷ்குமார் தன் டேப்லெட்டில் ‘பானம்: முடிவாகவில்லை’ என்று பதிவு செய்துகொண்டார்.

தேவசகாயம் நேராக விஷயத்துக்கு வந்தார். “தம்பி, எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. என் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?”

“தப்பா? அந்த வார்த்தையையே நாங்க யூஸ் பண்றதில்லண்ணே.”

“சரி. அப்ப தப்பு இல்லன்னு சொல்லு. போய்டறேன்.”

“அதுவும் சொல்ல முடியாதுண்ணே. தப்பு இருக்குன்னு சொன்னா நீங்க கேஸ் போடுவீங்க. இல்லன்னு சொன்னாலும், பின்ன ஏன் அனுப்புனேன்னு கேஸ் போடுவீங்க. அதனால லீகல் டீம் என்ன சொல்லியிருக்காங்கன்னா, ஃபீலிங்ஸ் மட்டும் பேசணும், விஷயம் பேசக் கூடாது. நான் ரொம்ப ஃபீல் பண்றேண்ணே. சத்தியமா. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

“நீதான அனுப்புன?”

“அனுப்புறவங்க வலி யாருக்குண்ணே புரியுது?” என்று சந்தோஷ்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கடைசியில் மரியம்மாள் அவருக்கு டிஷ்யூ பேப்பர் எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் வாங்கித் துடைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். இந்த மாதிரி ஆட்களுக்குக் கண்ணீரும் சம்பளத்தில் சேர்த்தி போலிருக்கிறது.

பிறகு துர்கா அத்தை வந்தாள். பிள்ளை பறந்த வீடுகளின் பெற்றோருக்கு மனப்பாரம் இறக்குவது அவள் பொறுப்பு. மூச்சை இழுத்து விடச் சொன்னாள். ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, “உங்க மனசுல இருக்கிற பறவைய வரைங்க அங்கிள்” என்றாள். மரியம்மாள் தாளை மடித்து விசிறிக்கொண்டாள். தேவசகாயம் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரத்தையாக வரைந்து கொடுத்தார்.

“அய்! புறாவா அங்கிள்?”

“பிராய்லர்மா. எடை ஏர்ற வரைக்கும் தீனி போட்டு, செல்லமேன்னு வளப்பாங்க.”

துர்கா அந்தப் படத்தை வாங்கிச் சுவரில், மற்ற பெற்றோர்கள் வரைந்த பறவைகளுக்கு நடுவே ஒட்டினாள். கீழே ‘நம்பிக்கை’ என்று அச்சடித்த சீட்டு ஏற்கனவே ஒட்டியிருந்தது.

இதோடு விட்டிருந்தால் தேவசகாயம் வேறு என்ன செய்திருப்பாரோ தெரியாது. ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒரு மாடியில் நடப்பது இன்னொரு மாடிக்குத் தெரியாது. அதுதான் அதன் அழகு. அந்த வாரமே கடைக்குப் போன் வந்தது.

“அண்ணே, ஹோம்லீஃப் அட்மின்லேர்ந்து கதிர்வேல் பேசறேன். சனிக்கிழமை பிள்ளை ஏற்பு விழா வச்சிருக்கோம். புதுசா சேர்ற பசங்க, அவங்க அப்பா அம்மா எல்லாம் வர்றாங்க. போன வருஷம் மாதிரியே சேரு, பந்தல், மைக்செட் நீங்களே போட்டுடுங்க. நீங்க நம்ம குடும்பமாச்சே, பாப்பா எப்டி இருக்கு? நல்லா வேலை செய்யுதா?”

தேவசகாயம் போனைக் கையால் பொத்திக்கொண்டு மரியம்மாளைப் பார்த்தார். “சபை கூட்டறாங்க” என்றார்.

“ஒத்துக்கோ” என்றாள் மரியம்மாள்.

“போட்டுடலாம்பா” என்று போனில் சொன்னார். “ஸ்பீக்கரு எத்தினி?”

“பாத்துப் போடுங்கண்ணே. கடைசி வரிசை வரைக்கும் நல்லா கேக்கணும்.”

“கேக்கும்.”

சனிக்கிழமை காலை லோடு வண்டி கிளம்பும்போது மரியம்மாள் சிம்ரனை எழுப்பி, சேர் துடைக்க ஆள் இல்லை என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டாள். ஹோம்லீஃப் கட்டடம் தெரிந்ததும்தான் சிம்ரனுக்கு எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்தது. “நான் இறங்க மாட்டேன்பா. யாரும் என்னப் பாக்கக் கூடாது” என்று துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு முன்சீட்டிலேயே சுருண்டுகொண்டாள். தேவசகாயம் வற்புறுத்தவில்லை. வண்டியைப் பார்க்கிங்கில் நிறுத்தினார். மரியம்மாளின் தம்பி சரத்குமார்தான் மைக்செட்காரன். அவனிடம் சொல்லி ஒரு கூம்பு ஸ்பீக்கரை அந்த வண்டியைப் பார்த்தவாறே கட்டச் சொன்னார்.

“பார்க்கிங்குக்கு எதுக்குண்ணே ஸ்பீக்கரு?” என்று கேட்டான் கதிர்வேல்.

“டிரைவருங்களும் குடும்பம்தானபா.”

கதிர்வேலுக்கு அது நியாயமாகப் பட்டது.

கூட்டம் நன்றாகச் சேர்ந்தது. ஏனாத்தூர் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளைகள், கூரத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த அப்பா அம்மாக்கள், எல்லோர் முகத்திலும் கடன் தீரப்போகிற களை. ஒவ்வொரு தகப்பனுக்கும் வாசலில் பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளி குமாரசாமி, போர்த்திய துண்டின் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்குடி” என்று மனைவி இந்திராணியிடம் முணுமுணுத்தார். “பையன் வேலை கெட்டியா இருந்தா போதும், உடுங்க” என்றாள் இந்திராணி.

பெரியப்பா பேசினார். வெள்ளைச் சட்டை போட்டு, காலில் செருப்பில்லாமல் எளிமையாக இருந்தார். அவருடைய காரைத் துடைக்க மட்டும் தனியாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். “நான் முதலாளி இல்லை” என்றார். “நான் உங்கள் பிள்ளைகளின் பெரியப்பா. இங்கே சங்கம் கிடையாது. வீட்டில் சங்கம் வைப்போமா? இங்கே கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது. அம்மா சமையலுக்குக் காசு கேட்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். சொந்த வீட்டுக்கு வர யாராவது லீவு நாள் பார்ப்பார்களா?” பெற்றோர்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கைதட்டினார்கள்.

அடுத்து துர்கா மேடையில் வந்து, போன வருஷ நிகழ்ச்சி நிரலைத் தேதி மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு வாசித்தாள். “இப்போது, சிறந்த குடும்பம் விருது பெற்ற திரு. தேவசகாயம் அவர்கள், மூத்த பெற்றோர் என்ற முறையில் வாழ்த்துரை வழங்குவார்.” வாசித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சந்தோஷ்குமார் மேடை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அதற்குள் தேவசகாயம் தோளில் இருந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

“எல்லாருக்கும் தோத்திரம், வணக்கம்” என்றார். “போன வருஷம் இதே மேடையில, உன் பொண்ண எங்களுக்குக் குடுத்துட்ட, இனிமே நாம சொந்தம்னு சொன்னாங்க. நானும் சந்தோசமா தலையாட்டினேன். இப்ப என் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டா. முதுவுல ரெக்கையக் கட்டி, கேக்கு வெட்ட வச்சி அனுப்பிட்டாங்க. நான் புரியாம தெருவுக்கே கேசரி குடுத்துட்டேன்.”

எங்கோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் தட்டினார்.

“கொடுத்த பொண்ணு திரும்பி வந்தா நம்ம பக்கம் இன்னா செய்வோம்? நாலு பேர வச்சிக்கினு ஞாயம் கேப்போம். இன்னா குறை கண்டேன்னு அவங்க சபையில சொல்லணும். குறை இல்லன்னா இல்லன்னு சொல்லணும். நான் தனியா வந்து கேட்டேன், சொல்லல. இன்னிக்குச் சபை இருக்குது. தம்பி சந்தோஷ்குமாரு, எந்திரிபா.”

“ஞாயம்தான்” என்றது ஒரு குரல். “சொல்லட்டும்” என்றது இன்னொன்று.

சந்தோஷ்குமார் மைக்கை அணைக்கச் சொல்லி ஆம்ப்ளிஃபயர் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சரத்குமார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். அவன் குமிழைப் பிடித்து இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

மேடையிலேயே நின்றிருந்த பெரியப்பா புன்னகை மாறாமல், பல்லுக்கிடையே, “ஹேண்டில் இட், சந்தோஷ்” என்றார். பக்கத்தில் இருந்த மைக் வழியாக அதுவும் ஸ்பீக்கரில் வந்தது.

சந்தோஷ்குமார் மைக்கைப் பிடித்தார். அவரும் இப்படிப் பேசியே சம்பளம் வாங்குகிறவர், சளைத்தவரில்லை. “பேரண்ட்ஸ், அண்ணனோட பாசத்த நான் மதிக்கிறேன். குடும்பம்னா கஷ்டகாலம் வரும். வந்தா என்ன பண்ணுவோம்? செலவக் குறைச்சுக்குவோம். நாங்களும் அதத்தான் பண்ணோம்.”

“எங்க வூட்ல கஷ்டம்னா நாங்க அரை வயிறு சாப்புடுவோம் தம்பி. பிள்ளைய வெளிய தள்ளிட்டு நாங்க முழு வயிறு சாப்புட மாட்டோம்.”

கைதட்டல் எழுந்தது. சந்தோஷ்குமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “கண்ண மூடிக்கிட்டு யாரையும் பறக்க விடலிங்க” என்றார்.

குமாரசாமி எழுந்து, “பின்ன எப்படிங்க ஆளப் பாத்து எடுக்கிறீங்க? சீட்டுக் குலுக்கியா?” என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“சேச்சே. எல்லாம் சயின்டிஃபிக். குடும்பப் பாசக் குறியீடுன்னு ஒன்னு வச்சிருக்கோம். வாட்ஸப் குரூப்ல எந்த அப்பா அம்மா அதிகமா ஹார்ட் போடறாங்க, யாரு விழாவுக்கு முதல் ஆளா வர்றாங்க, யாரு பிள்ளைக்கு தினமும் சாப்பாடு கட்டிக் குடுக்கறாங்க, எல்லாம் கணக்குல வரும். ஏன்னா, பாசமான குடும்பத்துப் பிள்ளை தாங்கிக்கும் பாருங்க. வீட்ல ரெண்டு வாய் சோறு கிடைக்கும். அழுதா துடைச்சு விட ஆள் இருக்கும். கோர்ட்டுக்குப் போகாது, பேப்பர்ல வராது. குடும்பம் இல்லாத பிள்ளைய அனுப்பினா அது ஏதாவது பண்ணிக்கிட்டா கம்பெனிக்குத்தானே கெட்ட பேர்? அதனால நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கள முதல்ல பறக்க விடறோம்.” அவருக்கே அதில் பெருமை ஏறியது. தேவசகாயத்தின் தோளில் கையைப் போட்டார். “சிம்ரன்தான் டாப் ஸ்கோர். சிறந்த குடும்பம் ஷீல்டே வாங்கினவங்களாச்சே!”

மரியம்மாள் நடுவரிசையிலிருந்து எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. “அப்ப என் பொண்ணு வேலை போனதுக்கு நாங்கதான் காரணமா? அவள நாங்க நல்லா பாத்துக்கினது குத்தமா?”

“அப்படி நெகட்டிவா எடுத்துக்கக் கூடாது அண்ணி.”

“டேய்” என்றாள் மரியம்மாள். கொழுந்தனைத் திட்ட அண்ணிக்கு உரிமை உண்டு. அதை அவள் ஒரு சொல்லிலேயே முடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் அவள் பார்த்த பார்வையில் இருந்தது.

இந்திராணி பதறி எழுந்தாள். “ஐயா, எங்க வூட்ல பாசமே இல்லீங்க! எழுதிக்கோங்க. நாங்க தினம் சண்டைதான். கேளுங்க இவர!” குமாரசாமி உடனே, “ஆமாங்க, இவ எனக்கு ஒருநாளும் ஒழுங்கா சோறு போட்டதில்ல” என்றார். “ஏன் சொல்ல மாட்ட? தறியாண்ட தட்டக் கொண்டாந்து வச்சவளாச்சே நான்!” என்று இந்திராணி நிஜமாகவே கோபித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவர், தானும் மகனும் பேசியே வருஷமாகிறது என்று கர்த்தர் மேல் சத்தியம் செய்தார். அவர் மகன் அவருக்காகப் பிடித்து வைத்திருந்த மோர் டம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு தாய், நாளையிலிருந்து கட்ட மாட்டேன் என்று அழுதாள்.

பெரியப்பாவுக்கு வெளிநாட்டிலிருந்து முக்கியமான போன் வந்துவிட்டது. காதில் போனை வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிக் காரில் ஏறிப் போனார். போன் திரை இருட்டாக இருந்ததை முன்வரிசை பார்த்தது.

தேவசகாயம் மேடையை விட்டு நகரவில்லை. “தம்பி, பாசம் ஜாஸ்தின்னு சொன்ன. கேட்டுக்கினேன். நான் கேட்டது குறைய. என் பொண்ணுகிட்ட இன்னா குறை?”

“குறைன்னு எதுவும்...”

“என்னப் பாத்து இல்ல. சபையப் பாத்து.”

சந்தோஷ்குமார் எதிரே பார்த்தார். பெரியப்பா போய்விட்டார். லீகல் டீம் லீவு. துர்கா கையில் இருந்த தாள்களால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். கேட் வரைக்கும் தலைகளாக இருந்தது. ஒவ்வொன்றும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சிம்ரன்கிட்ட எந்தக் குறையும் இல்ல” என்றார். “நல்லா வேலை செஞ்சா. நாங்கதான் எடுத்துட்டோம்.”

“மைக்க வாய்க்கிட்ட வச்சிச் சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கல.”

மறுபடி சொன்னார். அந்தக் குரல் கண்ணாடிக் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது.

கூரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் முதலில் எழுந்தார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் வேலைக்குத் திரும்பி வருவார்கள், வராமல் என்ன செய்வார்கள், வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? ஆனால் அன்று ஒருவரும் அங்கே கை நனைக்கவில்லை. மாடியில் பிரியாணியும் சாம்பார் சாதமும் ஐஸ்கிரீமும் பரப்பி வைத்து, பரிமாறுகிறவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். படி ஏறி ஒரு தலையும் வரவில்லை. கேட் அருகே காவல் தாத்தா முனுசாமி போகிறவர்களுக்கெல்லாம் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

தனக்கு வந்திருப்பது சந்தோஷமா கோபமா என்று தேவசகாயத்துக்கே தெரியவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இருந்தது. மேடையை விட்டு இறங்கப் போனவர், பார்க்கிங் பக்கத்திலிருந்து யாரோ வருவதைப் பார்த்து நின்றார்.

சிம்ரன் வந்தாள். முக்காடு இல்லை. தலை சீவியிருக்கவில்லை, கண் வீங்கியிருந்தது, காலில் வீட்டுச் செருப்பு. காலி நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து வந்து, முதல் வரிசையில் பெரியப்பாவுக்கென்று வெள்ளைத் துணி போர்த்திப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சித்தப்பா” என்றாள். “அங்க ஸ்பீக்கர்ல கரகரன்னு வந்துச்சு. சரியா கேக்கல.”

“அதான் சொல்லிட்டனேம்மா” என்றார் சந்தோஷ்குமார். “எல்லாரும்தான் கேட்டாங்களே. இப்ப யாருமே இல்லையே இங்க.”

“நான் இருக்கிறேனே. என்னப் பாத்துச் சொல்லுங்க. மைக்ல.”

அவர் தேவசகாயத்தைப் பார்த்தார். “அண்ணே...”

“பொண்ணு கேக்குதில்ல. சொல்லுபா” என்றார் தேவசகாயம்.

சந்தோஷ்குமார் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். “உன்கிட்ட எந்தக் குறையும் இல்ல சிம்ரன்” என்றார். “நாங்கதான் உன்ன வேலைய விட்டுத் தூக்கினோம்.”

சிம்ரன் கேட்டுக்கொண்டாள். பிறகு காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள். “மாமா, சவுண்ட ஏத்து.”